முதலில் தெற்கே போகச் சொல்லுங்கள்: நைல் நதியில் மாலைப் பாய்மரப் படகு – வாசகர் கேள்வி பதில்

எகிப்து சுற்றுலா போகும் வாசகர்கள் கோயில்களையும் பிரமிடுகளையும் பற்றி அதிகம் கேட்பதில்லை. அதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். தெற்கு எகிப்தில் நைல் கரையிலுள்ள அஸ்வான் நகரில் சாயங்காலம் ஏறும் ‘ஃபெலூக்கா’ என்ற பாய்மரப் படகைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. பயணத் திட்டத்தில் அதற்கு ஒரு வரிதான் இருக்கும்: ‘மாலை படகு சவாரி’. அந்த ஒரு வரிக்குப் பின்னால் காற்று, நீரோட்டம், மலை, கயிறு என்று தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஏழு பேர் அஸ்வான் போகிறோம். சூரியன் மறைவது 5 மணி வாக்கில் என்று போன் காட்டுகிறது. 4:30-க்குப் படகு ஏறினால் போதுமா?
– வாசகர், மதுரை

போதாது. 3:15-க்கெல்லாம் படகில் உட்கார்ந்திருங்கள்.

போன் சொல்வது, கண்ணுக்கெட்டிய வரை சமதரையாக இருந்தால் சூரியன் எப்போது மறையும் என்பதை. அஸ்வானின் மேற்குக் கரை சமதரை அல்ல. மணற்குன்றும் பாறை மலையுமாக ஆற்றை ஒட்டியே எழுந்து நிற்கிறது. வெளிச்சம் இருக்கும், ஆனால் சூரியன் இருக்காது. எவ்வளவு முன்னதாக மறையும் என்பதைக் கரையில் நின்றே கணக்கிட்டுவிடலாம். கையை முன்னால் நேராக நீட்டி, நான்கு விரல்களையும் சேர்த்துக் கிடையாகப் பிடியுங்கள். சுண்டுவிரலின் அடிவிளிம்பு எதிர்க்கரை நீர்மட்டத்தில் இருக்கட்டும். மலையின் உச்சி ஆள்காட்டி விரல் வரை எட்டினால், போன் சொல்லும் நேரத்துக்கு அரைமணிக்கும் மேல் முன்னதாகவே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். இரண்டு விரல் உயரம் என்றால் இருபது நிமிடத்துக்குக் குறையாது. மேற்குக் கரையை நெருங்க நெருங்க மலை உயர்ந்துகொண்டே போகும், சூரியன் சீக்கிரம் மறைந்துகொண்டே வரும்.

அதனால் அந்தி நேரத்தில் படகு எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் நீளமாகக் கிடப்பது எலிஃபன்டைன் தீவு. (பழைய எகிப்திய மொழியில் அதன் பெயர் ‘ஆபு’. யானைக்கும் தந்தத்துக்கும் அதே சொல்தான்.) அந்தத் தீவின் தென்முனையைச் சுற்றி, வழவழப்பான கருங்கல் பாறைகளுக்கு இடையே தண்ணீர் கொஞ்சம் அகலமாக விரிந்திருக்கும். மேற்கே குன்றின்மேல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவராக இருந்த மூன்றாம் ஆகா கானின் சமாதி மாடம், கிழக்கே பாறை மேல் 1899-இல் திறந்த ஓல்டு கேட்டராக்ட் ஹோட்டல். இரண்டுக்கும் நடுவே நின்றால் வெயில் அதிக நேரம் கிடைக்கும். தீவுக்கு மேற்கே, கிச்சனர் தீவுப் பக்கமுள்ள குறுகிய கால்வாயில் போய் நின்றால் மலையின் நிழல் உங்களை முதலில் மூடிவிடும்.

மற்ற மாதங்களில் போகிறவர்களுக்கு: மார்ச் நடுவில் 6 மணி சுமாருக்குச் சூரியன் மறையும். ஜூனில் 7:35-ஐத் தாண்டும். 2023 முதல் எகிப்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். ஏப்ரல் கடைசி வெள்ளியில் தொடங்கி அக்டோபர் கடைசி வியாழன் வரை அந்த நேரம்தான். எந்த மாதமானாலும் போன் சொல்லும் நேரத்துக்கு ஒன்றேமுக்கால் மணி முன்னதாக ஏறுங்கள். சூரியன் மறைந்த பிறகு பார்க்கும்படியான வெளிச்சம் 25 நிமிடம்தான் இருக்கும். பெரும்பாலான சிறு படகுகளில் விளக்கு கிடையாது. அந்த 25 நிமிடத்துக்குள் கரை ஏறிவிடவேண்டும்.

சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் காற்று. அதுதான் அடுத்த கேள்வி.

கேள்வி: தெரிந்த ஒரு குடும்பம் போனபோது நடு ஆற்றில் காற்று நின்றுபோய், இருட்டும் வரை மாட்டிக்கொண்டார்களாம். இன்ஜின் இல்லாத படகில் சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?
– வாசகி, திருநெல்வேலி

போகலாம். ஆனால் முதலில் எந்தத் திசையில் போவது என்பதை நீங்கள் கேட்டு முடிவுசெய்யவேண்டும். இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலான நாட்களில் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. நம் சொல்லில் சொன்னால் அங்கே கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க வாடைதான். ஆறு ஒரு பக்கம் இழுக்க, காற்று எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இப்படி அமைந்த பெரிய ஆறு உலகத்தில் அபூர்வம். தெற்கே போகவேண்டுமா, பாயை விரி; வடக்கே திரும்பவேண்டுமா, ஓட்டத்தில் விடு. பழைய எகிப்தியர் எழுத்திலேயே இது பதிந்திருக்கிறது. தெற்கே போவதைக் குறிக்கும் சொல்லோடு பாய் விரித்த படகை வரைந்தார்கள். வடக்கே போவதைக் குறிக்கும் சொல்லோடு பாய் இல்லாத படகை வரைந்தார்கள்.

இப்போது காற்று ஏன் நிற்கிறது என்று பாருங்கள். பகலில் வெயிலில் தரை சூடாகி, அதன்மேல் உள்ள காற்று கொதிக்கிற தண்ணீர் போல மேலும் கீழுமாகப் புரளும். அந்தப் புரளலில் உயரத்தில் வேகமாகப் போகும் காற்று கீழே வரை இறங்கிவரும். வெயில் சாய்ந்து தரை குளிரத் தொடங்கியதும் புரளல் அடங்கிவிடும். மேலே காற்று ஓடிக்கொண்டிருந்தாலும் ஆற்று மட்டத்தில் அசைவிருக்காது. ஆகவே அந்தி நேரத்தில் காற்று விழுவதை விபத்து என்று நினைக்கக்கூடாது. பல நாட்களில் நடப்பதுதான், எதிர்பார்த்தே கிளம்பவேண்டும்.

இரண்டையும் சேர்த்தால் கணக்கு எளிது. நல்ல காற்றிருக்கும் 3:30, 4 மணியில் தெற்கே போய்விடுங்கள். ஐந்து மணிக்குக் காற்று செத்தாலும் ஆறே உங்களை வடக்கே கொண்டுவந்து சேர்க்கும். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். மாறாக, ஓட்டத்தோடு முதலில் வடக்கே இறங்கிவிட்டு, ‘திரும்பும்போது காற்று தள்ளும்’ என்று நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். காற்று நின்ற பிறகு ஓட்டத்தை எதிர்த்து ஏற ஃபெலூக்காவுக்கு வழியே இல்லை. ஒரு ஜோடி துடுப்பு இருக்கும். ஏழு பேரை ஏற்றிய படகை ஒருவர் துடுப்புப் போட்டு ஓட்டத்துக்கு எதிரே இழுப்பது எளிதல்ல. அப்போது கடைசியில் ஒரு மோட்டார் படகைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுக்கவேண்டியதுதான்.

எலிஃபன்டைன் தீவைச் சுற்றிவரும் வழக்கமான சுற்றிலும் இந்தக் கண்ணி ஒளிந்திருக்கிறது. ஊர்க் கரையிலிருந்து தெற்கே போய், தென்முனையைச் சுற்றி, மேற்குக் கால்வாய் வழியாக வடக்கே இறங்கி, வடமுனையைத் திரும்பி மறுபடி ஊர்க் கரைக்கு வருவார்கள். முக்கால் சுற்று வரை எல்லாம் சரி. வடமுனையைத் திரும்பிய பிறகு, ஏறிய துறைக்கு வர மறுபடி தெற்கே ஏறவேண்டும். அதுவும் அந்தி நேரத்தில், ஓட்டத்துக்கு எதிரே. உங்கள் தெரிந்தவர்கள் மாட்டிக்கொண்டதும் இந்தக் கடைசிக் கால்பங்கில்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். தப்பிக்க இரண்டு வழி: ஊர்க் கரைச்சாலையின் வடகோடியில் உள்ள துறையிலேயே ஏறுங்கள், அல்லது ‘வடக்கே எங்கே கரை தட்டுகிறதோ அங்கே இறங்கிக்கொள்கிறோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரையோடு நடந்தே அறைக்குத் திரும்பிவிடலாம்.

இன்னொரு விஷயம். காற்று நின்றது போலத் தோன்றும் எல்லா இடத்திலும் அது உண்மையில் நின்றுவிடவில்லை. தீவின் பேரீச்சை மரங்களும் பெரும்பாறைகளும் காற்றை மறைக்கும். அந்த மறைவில் பாய் தொங்கிப் படபடக்கும். பாறையைத் தாண்டியதும் சட்டென்று ஒரு வீச்சு வந்து படகைச் சாய்க்கும். படகு மறைவிலிருந்து வெளியே வரும் அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுந்து நிற்கவிடாதீர்கள்.

மார்ச் முதல் மே வரை சில நாள் ‘கம்சீன்’ என்ற தெற்கத்திக் காற்று மணலை வாரிக்கொண்டு வரும். அன்று மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ். வானம் பழுப்பாக இருந்தால் அன்றைக்குப் படகே வேண்டாம்.

கேள்வி: படகுக்காரர் நேராகப் போகாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகவே ஓட்டினார். ஒரு மணி நேரக் கூலியை இரண்டு மணியாக்கும் தந்திரமா?
– வாசகர், ஈரோடு

இல்லை. வடக்கே வரும்போது நேராக ஓட்ட அவரால் முடியாது. எந்தப் பாய்மரப் படகும் காற்றின் முகத்தை நோக்கி நேரே போகாது. காற்றுக்குச் சாய்வாக வலப்பக்கம் கொஞ்சம், பிறகு திரும்பி இடப்பக்கம் கொஞ்சம் என்று குறுக்கும் நெடுக்குமாக அறுத்துத்தான் முன்னேறும். கரை நெருங்கும்போது சுக்கானைத் தள்ளுவார், பாய் மறுபக்கம் விழும், மறுபடி அடுத்த கரை. ஓட்டம் கூடவே இழுப்பதால் ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருப்பீர்கள். எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறித்துவைத்துப் பார்த்தால் தெரியும். காற்று பலமாக இருக்கும் நாளில் ஓட்டமும் காற்றும் மோதி அலை குட்டையாகவும் கரடுமுரடாகவும் இருக்கும், தண்ணீர் முகத்தில் தெறிக்கும். போகும்போது மென்மையாக இருந்த ஆறு வரும்போது ஏன் இப்படி ஆனது என்று பயப்படவேண்டாம். ஆறு மாறவில்லை, நீங்கள் போகும் திசை மாறியிருக்கிறது.

தெற்கே போகும்போதும் அப்படி இரண்டு கரைக்கும் ஓட்டினால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: துறையில் பத்துப் படகு நிற்கிறது, பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள். நல்ல படகை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், தஞ்சாவூர்

மெத்தையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். கயிற்றைப் பாருங்கள்.

ஃபெலூக்காவின் பாய்மரம் குட்டையானது. அதன் மேலே சாய்வாகத் தூக்கிக் கட்டியிருக்கும் நீளமான கழிதான் பருமல். மரத்தைவிட உயரமாக வானத்தைக் குத்திக்கொண்டிருப்பது அதுதான். அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்காது. இரண்டு மூன்று கழிகளை ஒன்றோடொன்று வைத்துச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். முக்கோணப் பாயின் நீண்ட பக்கம் இந்தப் பருமலோடு வரிந்து கட்டப்பட்டிருக்கும். அடிப்பக்கத்தில் இன்னொரு கட்டை. பாய் பக்கம் மாறும்போது அந்த அடிக்கட்டை படகுக்குக் குறுக்கே வீசிப்போகும். நிற்பவர் தலை உயரத்தில்தான் அது போகும். உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது.

கவனிக்கவேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, பருமலின் இணைப்புக் கட்டு. கயிறு இழை பிரிந்து தொங்கினால், அல்லது கட்டுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அந்தப் படகு வேண்டாம்.

இரண்டாவது, பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. நம் கடற்கரையில் தாமான் என்பார்கள். படகின் உயிரே அதில்தான். ஃபெலூக்காவின் பாயைச் சட்டென்று கீழே இறக்க முடியாது. சுருட்டவேண்டுமானால் ஒரு பையன் வெறுங்காலோடு பருமல்மேல் ஏறி, பாயைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே வரவேண்டும். அதற்குச் சில நிமிடங்களாகும். திடீர் வீச்சு வந்தால் அத்தனை நேரம் கிடைக்காது. தாமானைத் தளர்த்தி, பாயில் உள்ள காற்றைக் கொட்டிவிடுவது ஒன்றே வழி. ஆகவே அந்தக் கயிறு படகுக்காரர் கையில் இருக்கவேண்டும், அல்லது முளையில் சுற்றி ஒரே இழுப்பில் கழலும்படி இருக்கவேண்டும். இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தால், அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல படகோட்டி காற்று உள்ளபோது அந்தக் கயிற்றை விட்டு நகரமாட்டார்.

மூன்றாவது, தரைப்பலகைக்கு அடியில். பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மரப்படகில் கொஞ்சம் ஈரம் கசிவது சகஜம். பலகைக்கு மேல் தண்ணீர் எட்டிப்பார்ப்பது சகஜமல்ல. இப்போது இரும்பு உடம்பு கொண்ட படகுகளும் ஓடுகின்றன. கசிவு குறைவு, வெயிலில் சூடு அதிகம். மரமா இரும்பா என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

பிறகு மிதவைச் சட்டைகள். ‘இருக்கு’ என்ற பதில் போதாது. இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி, தலைக்கு ஒன்று எண்ணி, கொக்கி மாட்டுகிறதா பாருங்கள். பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலே கழன்றுவிடும். குழந்தை அளவு இல்லையென்றால் அடுத்த படகுக்குப் போங்கள்.

எத்தனை பேர் ஏறலாம்? சிறு ஃபெலூக்காவில் ஆறிலிருந்து எட்டுப் பேர் வசதியாக உட்காரலாம். ஓரமெல்லாம் மெத்தை இருக்கை, நடுவில் ஒரு தாழ்ந்த மேசை. பத்துப் பேரானால், படகு சாயும்போது ‘காற்று வரும் பக்கம் வாருங்கள்’ என்று அவர் கூப்பிட்டால் நகர இடமிருக்காது. உங்கள் எடைதான் படகின் சமநிலை. கூப்பிட்டால் எழுந்து நடக்காமல், உட்கார்ந்தபடியே நகருங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாசனத் தேவை குறையும் அந்த மாதங்களில் அஸ்வான் அணையிலிருந்து தண்ணீர் குறைவாகத் திறப்பார்கள். மணல்திட்டு வெளியே தெரியும், ஓட்டமும் மந்தமாகும். தட்டையான அடிப்பாகம் கொண்டதால் ஃபெலூக்கா தப்பித்துக்கொள்ளும். பல படகுகளில் நடுவே இறக்கி ஏற்றும் ஒரு பலகையும் உண்டு. ‘கரகர’ என்று சத்தம் வந்து படகு நின்றால், அவர் அந்தப் பலகையைத் தூக்குவார், படகு மறுபடி மிதக்கும். பதறி எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பதுதான் அப்போது செய்யக்கூடாதது.

கேள்வி: பேரம் எப்படிப் பேசுவது? கப்பல் வழிகாட்டி ஆளுக்கு இவ்வளவு என்கிறார்.
– வாசகி, கோயம்புத்தூர்

ஃபெலூக்காவுக்குக் கரையில் வழங்கும் கணக்கு, படகுக்கு மணிக்கு இவ்வளவு என்பது, தலைக்கு அல்ல. ஏழு பேருக்கும் ஒரு தொகை. வழிகாட்டி வழியாகப் போனால் அவர் பங்கும் சேரும்; அலைச்சல் மிச்சம் என்று நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள், தவறில்லை.

நேரே பேசினால் ஏறும் முன் ஐந்தைத் தெளிவாக்குங்கள். தொகை படகுக்கா, தலைக்கா? எந்தப் பவுண்டு? (எகிப்துப் பவுண்டை அங்கே ‘கினே’ என்கிறார்கள். பவுண்டு என்று மட்டும் பேசிவிட்டு, இறங்கும்போது பிரிட்டிஷ் பவுண்டு என்று கேட்பது பழைய வழக்கு. ‘கினே மஸ்ரி’ என்று சொல்லவைத்து, போனில் எண்ணைத் தட்டிக் காட்டுங்கள்.) தண்ணீரில் எவ்வளவு நேரம்? பாய்மரப் படகுதானா, கடைசி நிமிடத்தில் மோட்டார் படகாகிவிடுமா? காற்று நின்று மோட்டார் படகு இழுக்கவேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சண்டையும் அதில்தான் வருகிறது.

பணம் முழுவதும் இறங்கிய பிறகு. மேல்தொகையாகக் கொஞ்சம் ‘பக்‌ஷீஷ்’ கொடுப்பது அங்கே மரபு. பருமல் ஏறிய பையனுக்கு அவன் கையிலேயே தனியாகக் கொடுங்கள். காற்று சரியில்லை என்று படகோட்டி தானாகவே பயணத்தைத் தள்ளிவைத்தால் அவரை விடாதீர்கள். அடுத்த நாள் அதே ஆளைத் தேடிப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி. ஏறி இறங்க முடியுமா?
– வாசகி, சேலம்

ஏறுவதுதான் சிரமம், உட்கார்ந்துவிட்டால் சுகம். துறையிலிருந்து படகுக்கு ஒரு ஒற்றைப் பலகை போடுவார்கள். சில இடங்களில் வேறு இரண்டு படகுகளின்மேல் நடந்து மூன்றாவதில் ஏறவேண்டியிருக்கும். அம்மாவுக்காகக் கரையை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவர் முன்னால் படகில் நின்று முழங்கையைப் பிடிக்கவேண்டும், ஒருவர் பின்னால் கரையில். விரல்களைப் பிடித்தால் வழுக்கும். முழங்கைக்குக் கீழே பிடியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது நல்லது, உள்ளேயும் வெறுங்கால்தான். இருக்கை தாழ்வாக இருக்கும், இரண்டு மெத்தையை அடுக்கித் தரச் சொன்னால் எழும்போது முட்டி தாங்கும்.

கழிவறை கிடையாது. போய்விட்டு ஏறுங்கள். சால்வை கட்டாயம், டிசம்பரில் பகலில் இதமாக இருந்தாலும் வெயில் போனதும் ஆற்றுக்காற்று எலும்பைத் தொடும்.

கேள்வி: பிள்ளைகள் தண்ணீரில் காலை விடலாமா? முதலை உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

முதலைகள் உயர் அணைக்கு மேலே, நாசர் ஏரியில் இருக்கின்றன. 1970-இல் முடிந்த அந்த அணைக்குக் கீழேதான் அஸ்வான் நகரம்.

அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியாத வேறொன்று: பில்ஹார்சியா. 1851-இல் கெய்ரோவில் பணிபுரிந்த தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டறிந்த புழு அது. நன்னீர் நத்தைகளிலிருந்து வெளியாகும் அதன் குஞ்சுகள் மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போகும்; சில நிமிடம் போதும். நத்தைகள் வாழ்வது தேங்கிய, புல்லும் பாசியும் மண்டிய கரையோரத்தில். நடு ஆற்றில் தெறிக்கும் நீர் அத்தனை ஆபத்தல்ல, துடைத்துக்கொண்டால் போதும். கரையோரம் இறங்கி நிற்பதும் நீந்துவதும் வேண்டாம். ‘இங்கே எல்லோரும் குளிப்பார்கள்’ என்று படகோட்டி அன்போடு சொன்னாலும் வேண்டாம். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துக் காய்ச்சலோ தடிப்போ சிறுநீரில் ரத்தமோ வந்தால், நைல் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையால் குணமாகும் நோய்தான்; சொல்லாவிட்டால் நம் ஊரில் யாருக்கும் சட்டென்று அது தோன்றாது.

சின்னப் பலகையில் கையால் துடுப்புப் போட்டு வந்து, உங்கள் படகைப் பிடித்துக்கொண்டு பாடும் சிறுவர்களைப் பார்ப்பீர்கள். காசு கொடுக்க எட்டிச் சாயாதீர்கள். ஓடும் படகில் தொங்குவது அவர்களுக்கும் ஆபத்து. கொடுக்கக் கொடுக்க அது கூடும். எங்கள் கருத்து, கொடுக்கவேண்டாம் என்பதே.

கேள்வி: நோன்பு மாதத்தில் போகிறோம். மாலைப் படகு ஓடுமா?
– வாசகர், காயல்பட்டினம்

ஓடும், ஆனால் உங்களுக்குத் தெரிந்ததுதான்: சூரியன் மறையும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் ஒன்று. படகோட்டி பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றிருப்பார். அவரை அந்த நிமிடத்தில் நடு ஆற்றில் நிறுத்திவைப்பது சரியல்ல. மேலே சொன்ன நேரத்துக்கும் ஒரு மணி முன்னதாகவே ஏறி, மஞ்சள் வெயிலைப் பார்த்துவிட்டு, மக்ரிப் தொழுகைக்கு முன் கரை சேர்ந்துவிடுங்கள். அவரே இருக்கச் சொன்னால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுபோங்கள். அவர் நோன்பு திறந்த பிறகு நீங்களும் சாப்பிடுங்கள்.

கேள்வி: லக்சரிலும் ஃபெலூக்கா உண்டே. எங்கே ஏறுவது நல்லது?
– வாசகர், திருச்சி

ஒரே ஒரு மாலைதான் என்றால் அஸ்வான். தீவுகளும் பாறைகளும் மணற்குன்றும் நெருக்கமாக இருப்பதால் கால்மணிக்கு ஒருமுறை காட்சி மாறும். லக்சரில் ஆறு அகலம், காட்சி ஒன்று: மேற்கே தீபன் மலைகள், அவற்றின் பின்னால் சூரியன். அதுவும் அழகுதான், ஆனால் பெரிய சுற்றுலாக் கப்பல்களின் அலை அங்கே சிறு படகை அதிகம் ஆட்டும். லக்சரில் தெற்கே ‘வாழைத்தீவு’ வரை போய்வரும் சுற்று பிரபலம். தெற்கே போய் ஓட்டத்தோடு திரும்புவதால் திசைக் கணக்கும் சரியாக வரும். இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: போனில் எடுத்தால் பாய் கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் வருகிறது. டிரோன் கொண்டுபோகலாமா?
– வாசகர், சென்னை

டிரோன் வேண்டவே வேண்டாம். அனுமதியின்றி எகிப்துக்குள் கொண்டுபோவதே குற்றம், விமான நிலையத்திலேயே பறிமுதலாகும்.

போனில், சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள வானத்தின்மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுப் பிறகு எடுங்கள். வானம் நிறத்தோடு வரும், பாய் நிழலுருவமாக விழும். உங்கள் படகின் பாயை உள்ளிருந்து எடுத்தால் துணிதான் தெரியும், எதிரே வரும் படகின் பாயை எடுங்கள். முகங்களை எடுக்க ஆசைப்பட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள். கிழக்கே ஓல்டு கேட்டராக்ட் பக்கத்துக் கருங்கற்கள் அந்நேரம் செம்பு நிறமாகும். எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாலைந்து நிமிடம் நீங்கள் திரும்பிக் கிழக்கே பாருங்கள். மேலே விதானத் துணி கட்டியிருந்தால் 4:30-க்கே சுருட்டச் சொல்லிவிடுங்கள், அதன் கம்பி எல்லாப் படத்திலும் குறுக்கே வரும்.